மழைக்கோட்டுக்கும் ஓர் உறுதி

சபையோருக்கு வணக்கம்.

காணிக்கு உறுதி இருக்கிறது. பைக்குக்குப் புத்தகம் இருக்கிறது. புத்தகம் இல்லாத பைக்கை விற்கக் கொண்டுபோனால் வாங்குகிறவர் என்ன சொல்வார்? "பார்ட்ஸுக்கு வேணுமெண்டா எடுக்கலாம்" என்பார். எஞ்சின் அதேதான், டயர் அதேதான். ஆனால் அது யாருடையது, யார் கையால் வந்தது என்று சொல்ல ஒன்றுமில்லை.

உடுப்புக்கும் அப்படி ஓர் உறுதியை, டோக்கன் என்ற டிஜிட்டல் பதிவாக, எழுதலாமா என்பதுதான் இன்றைய பேச்சு. மலையேறுகிறவர்கள், வள்ளத்தில் போகிறவர்கள், மழையில் நின்று வேலை செய்கிறவர்கள் போடும் உடுப்பைச் சொல்கிறேன். இங்கே நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் தம்பிமார் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். வைகாசி பிறந்தால் வெள்ளைக்காரர் வருவார்கள். போகும்போது பாதி சாமானை அறையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள்.

என் ஜாக்கெட்டும் அப்படிக் கைமாறி வந்ததுதான். நல்ல பெயர் பெற்ற கம்பனி. ஒரு மாரியில் சிப் திறந்தபடியே நின்றுவிட்டது. கம்பனிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். வாங்கிய ரசீது கேட்டார்கள். ரசீதுக்கு நான் எங்கே போவேன்? கடைசியில் எங்கள் நானாவின் தையல் கடைக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விரல் நுனியால் பல்லைத் தடவிப் பார்த்தார். "பல்லுக்கு ஒண்டுமில்ல மகன். ஸ்லைடர்தான் தேஞ்சி போயிருக்கு." குறட்டால் பழையதை நெரித்துக் கழற்றினார், புதியதைக் கோத்தார். 200 ரூபாய். கம்பனியின் கணக்கில் அது குப்பைக்குப் போயிருக்க வேண்டிய ஜாக்கெட்.

அந்தக் குப்பையின் விலை என்ன தெரியுமா? 2011இல் மலையேறுகிறவர்களின் உடுப்புச் செய்யும் பட்டகோனியா கம்பனி நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் தன் ஜாக்கெட்டின் படத்தையே போட்டு, இதை வாங்காதீர்கள் என்று விளம்பரம் செய்தது. அந்த ஒரு ஜாக்கெட்டுக்கு 135 லீற்றர் தண்ணீர் போனது என்றும், ஏறத்தாழ 9 கிலோ கரியமிலவாயு வெளியேறியது என்றும் அவர்களே எழுதினார்கள். அதுவும் வியாபார உத்திதான் என்று சொல்லலாம், நானும் மறுக்கவில்லை. கணக்குக் கணக்குத்தான்.

இப்போது டோக்கனுக்கு வருகிறேன். உடுப்பின் உள்ளே, கழுவும் முறை எழுதிய லேபலோடு ஒரு சிறு மின்னணுச் சில்லோ கியூ.ஆர். குறியோ வைத்துத் தைக்கிறார்கள். போனைக் காட்டினால் அதன் பதிவு திறக்கும். என்ன துணி, எங்கே தைத்தது, இப்போது யாருடையது. அந்த உரிமைப் பதிவைத்தான் டோக்கன் என்கிறார்கள். நான் விற்றால் அது என் கணக்கிலிருந்து வாங்கியவர் கணக்குக்குப் போகும். இலவசத் திருத்தம், பழையதைத் திருப்பி எடுத்தல் போன்ற சலுகைகளும் அதோடு சேர்ந்தே போகலாம். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, மாதிரித்தான். ஆனால் இந்தத் தோம்பு ஒரு கந்தோரில் பூட்டி வைத்ததல்ல. பல கணினிகளில் ஒரே பிரதி இருக்கும். புளொக்செயின் என்பது இதைத்தான்.

இது கரண்டைக் குடிக்கும் வித்தை ஆயிற்றே என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் உண்மை. அப்படியான பெரிய புளொக்செயின்களில் ஒன்றான எதேரியம் 2022 செப்டெம்பரில் தன் முறையை மாற்றியதோடு அதன் மின்செலவு 99 வீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. மத்திய வங்கி எச்சரித்த கிரிப்டோ நாணய விளையாட்டும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் ஒன்றாக்கிவிடுகிறவர்கள் உண்டு. நைக் கம்பனி 2021 கடைசியில் ஆர்.டி.எஃப்.கே.டி. என்ற நிறுவனத்தை வாங்கி கணினித் திரையில் காட்டும் டிஜிட்டல் சப்பாத்துகளை டோக்கனாக விற்றது. 2024 டிசெம்பரில் அதை மூடப்போவதாக அறிவித்தார்கள். சேர்த்து வைத்தால் விலை ஏறும் என்று நம்பி வாங்கியவர்கள் என்ன செய்வார்கள்? புதிதாக வாங்கினால் டோக்கன் தருவோம் என்பவன் உங்களை இன்னொன்று வாங்க வைக்கிறான். ஐந்து வருடம் வைத்திருந்தால், இரண்டு தரம் திருத்தினால் தருவோம் என்று சொல்பவனோடுதான் எனக்குப் பேச்சு.

ஓட்டைகளையும் சொல்ல வேண்டும். லேபலை வெட்டிப் போலி ஜாக்கெட்டில் தைத்துவிட்டால் உறுதி ஒன்று, காணி வேறு. காணி உறுதி தொலைந்தால் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். நீங்களே வைத்திருக்கும் டோக்கனின் இரகசியச் சாவி, அதாவது அதைக் கைமாற்றும் கடவுச்சொல், தொலைந்தால் கேட்க ஆளில்லை.

இன்னொன்று நம் ஊர்க் காலநிலை. மழைக்கோட்டுகள் பலவற்றில் தண்ணீர் புகாதபடி உள்ளே பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூசியிருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது சிதையும். தையில் மடித்து அலுமாரியில் வைத்ததை ஐப்பசியில் எடுத்துப் பாருங்கள், பலாப்பால் பட்ட மாதிரிப் பிசுபிசுக்கும். அதற்கு நானாவாலும் மருந்தில்லை. எந்தப் பூச்சு என்று பதிவில் இருந்தால் வாங்கும்போதே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஒரு பதிவு, டிஜிட்டல் பொருள் கடவுச்சீட்டு, கொடுக்க வழிசெய்யும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. உடுப்பு அதில் முன்வரிசையில் நிற்கிறது. நம் பிள்ளைகள் கார்மென்டில் தைத்து அங்கே அனுப்புகிறவையும் அதற்குள் வரும். ஆகவே இந்தப் புத்தகம் எழுதப்படத்தான் போகிறது. யார் எழுதுவது?

இதையெல்லாம் நானாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "நான் தைச்சா அதுல என்ட பேரு விழுமா?" எனக்குப் பதில் வரவில்லை. எழுதும் உரிமை யாருக்கு என்பதை டோக்கனை வெளியிடும் கம்பனிதான் முடிவு செய்கிறது. நானாவுக்கு உரிமை இல்லையென்றால், பத்துத் தரம் தைத்த ஜாக்கெட்டும் பதிவில் ஒருதரமும் திருத்தாத ஜாக்கெட்தான்.

அதனால் நாங்கள் புளொக்செயினுக்குக் காத்திருக்கவில்லை. 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கினோம். ஜாக்கெட்டின் உள்லேபலில் இருக்கும் இலக்கம், திகதி, என்ன வேலை, என்ன காசு, யார் செய்தது. முதல் வரி என்னுடையது: ஸ்லைடர் மாற்றியது, 200 ரூபாய், கீழே நானாவின் கையெழுத்து. கொப்பி வாசலடி மேசையில் இருக்கிறது. உங்கள் ஜாக்கெட்டின் இலக்கத்தையும் போகும்போது எழுதிவிட்டுப் போங்கள். பேனையை மட்டும் கொண்டு போய்விடாதீர்கள்.