மனு கொடுத்தவர் மாமன்றம் செல்லும்போது

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, வேறொரு நிகழ்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு நம்மிடையே வந்திருக்கும் துணை மேயர் அவர்களே, மண்டலக் குழுத் தலைவர்களே, கட்சி வேறுபாடு பாராமல் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் பெருமக்களே (மாமன்றத்தில் காணக் கிடைக்காத இக்காட்சியைப் புகைப்படக்காரர் தவறவிட மாட்டார் என நம்புகிறேன்), குடியிருப்போர் நலச்சங்க நிர்வாகிகளே, தாய்மார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போராட்டக் களம் ஒருவருக்கு என்ன கற்றுத் தருகிறது, அவர் தேர்தலில் நிற்பது எப்படி, வென்றபின் மன்றத்தில் என்ன செய்வது என்னும் மூன்று செய்திகளைப் பேச வந்திருக்கிறேன்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஒரு தெருவிளக்குக்காக மனு எழுதி, நினைவூட்டு மனு எழுதி, அதற்கும் விடை வராதபோது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்து, கோப்பு யார் மேசையில் உறங்குகிறது என்று கண்டுபிடித்தவருக்கு நகர நிர்வாகத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சென்னையில் விளக்கு மாநகராட்சியுடையது, அதற்கு வரும் மின்சாரம் மின்வாரியத்துடையது, பக்கத்தில் பொங்கி வழியும் கழிவுநீர் குடிநீர் வாரியத்துடையது என்பதை அவர் நடந்தே கற்றிருப்பார்.

இரண்டாவது செய்தி தேர்தல். 21 வயது நிறைந்து, அந்நகர வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பிறகு இடங்களில் பாதி பெண்களுக்கு உரியது. கட்சிச் சின்னம் இல்லாமல் நிற்பவரின் பாடு தனிக்கதை; நேரமிருந்தால் அதற்கு வருகிறேன்.

மூன்றாவதுதான் என்னை உறங்கவிடாத செய்தி. மராட்டிய மண்ணின் சமூகச் சீர்திருத்தவாதி மகாத்மா ஜோதிராவ் புலேயை நினைத்துப் பாருங்கள். 1848இல் புனேயில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவருடைய துணைவியார் சாவித்திரிபாய் அம்மையார் ஆசிரியரானார். 1868இல் தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டார். 1873இல் சத்யசோதக் சமாஜம் என்னும் உண்மை தேடுவோர் சங்கத்தை நிறுவினார். இத்தனைக்கும் பிறகு, 1876 முதல் 1882 வரை அவர் புனே நகராட்சியின் உறுப்பினர். அந்நாளில் ஒருமுறை தலைமை ஆளுநரின் வருகைக்காக ஆயிரம் ரூபாய் செலவிட அனுமதி கேட்டு மன்றத்தில் ஒரு பொருள் வைக்கப்பட்டது. ஆயிரம் ரூபாய் அக்காலத்தில் எவ்வளவு பெரிய தொகை! தோரணம் கட்டுவதை யார் எதிர்ப்பார்கள்? அரசு நியமித்த உறுப்பினர்கள் அரசின் விருந்தாளியை வரவேற்க மறுப்பார்களா? புலே எழுந்தார், அந்தப் பணத்தை ஏழைகளின் கல்விக்குச் செலவிடலாமே என்றார். நினைவில் வையுங்கள், அவரும் நியமன உறுப்பினர்தான். வாக்கெடுப்பு நடந்தபோது எதிர்த்து விழுந்த வாக்கு அவருடையது மட்டுமே. உடனிருந்த நியமன உறுப்பினர்களில் ஒருவர்கூடத் துணை நிற்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. (கைதட்டாதீர்கள், அவர் தோற்றுப்போனார்!)

ஏன் தோற்றார்? அவருடைய பள்ளியில் படித்தவர்களும் அவர் தொட்டியில் நீர் எடுத்தவர்களும் மன்றத்திற்கு வெளியே இருந்தார்கள். அவர்கள் சொல்லுக்கு மன்றக் குறிப்பேட்டில் இடமில்லை. இன்று இடம் இருக்கிறது என்பதே என் வாதம். 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்கிறது. நம் மாநிலத்திலோ 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர்களே ஆண்டார்கள். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, நகரங்களில், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, ஊர் முழுவதும் அதை அறியும். உங்கள் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது என்று இந்த அரங்கில் எத்தனை பேர் சொல்வீர்கள்?

போராடி வென்று உறுப்பினராகும் தோழர்களுக்கு நான் சொல்வது கசக்கலாம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஆனால் பதவியேற்ற மறுநாள் அந்த அம்மி நீங்கள்தான். ஆணையரின் அறிக்கை உங்களுக்கு நியாயமாகத் தோன்றும், ஒப்பந்ததாரர் நல்லவராகத் தெரிவார், பழைய தோழரின் தொலைபேசி அழைப்பு தொல்லையாகும். உங்களை நகர்த்திக்கொண்டே இருக்கும் கை வேண்டும். அது பகுதி சபையின் கை. ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்த பெரியார் 1919இல் அப்பதவியை விட்டு மக்கள் இயக்கத்திற்குச் சென்றார் என்று ஒரு நண்பர் நினைவூட்டுகிறார். உண்மைதான், ஆனால் எல்லோரும் பதவி விலக வேண்டியதில்லை, மக்களையே மன்றத்தருகே கொண்டுவந்துவிடலாம்.

தலைவர் மணியடித்துவிட்டார், சுயேச்சைகளின் கதை அடுத்த கூட்டத்திற்கு. மேடையிலுள்ள உறுப்பினர் பெருமக்களிடம் ஒரே கோரிக்கை. பகுதி சபை கூடும் நாளை முன்கூட்டியே தெருவுக்குத் தெரிவியுங்கள். அங்கே எடுக்கும் தீர்மானங்களை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். அவற்றுக்கு என்ன பதில் வந்தது என்பதை அடுத்த மாமன்றக் கூட்டத்தில் கேளுங்கள். இதற்கான வரைவுத் தீர்மானத்தைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்; இன்றே அதை வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.