பெட்டியில் இடம் இருக்கு, ஆனா ராணிக்கு இடமில்லை! தேனீ பிரிந்து போவது இதனால்தான்

வணக்கம் மக்களே! மொட்டை மாடியில் தேன் பெட்டி வைத்திருக்கிறீர்கள். மேலே தேன் அறை பாதி காலி, கீழே அடை கட்டும் எல்லா மரச் சட்டத்திலும் தேனீ அப்பிக்கொண்டு நிற்கிறது, "குடும்பம் அமோகமா இருக்கு"ன்னு சந்தோஷமாக மூடியைப் போட்டுவிட்டு வருகிறீர்கள். அடுத்த வாரம் திறந்தால் பாதித் தேனீயைக் காணோம், பழைய ராணியும் இல்லை. எதிர்வீட்டு முருங்கை மரத்தில் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது உங்கள் குடும்பம்!

இவ்வளவு இடம் இருந்தும் ஏன் போனது? இப்படி யோசியுங்கள். வீட்டில் பரண் முழுக்கக் காலி, ஆனால் கூடத்தில் தொட்டில் கட்ட இடமில்லை. கைக்குழந்தைக்காரிக்கு அந்தப் பரணால் என்ன பிரயோஜனம்? தேன் அறைதான் அந்தப் பரண். ராணி முட்டை வைப்பது கீழே, புழு அறையில்.

பெட்டியைப் பற்றி ஒரு வரி மட்டும்: நம் பக்கம் இந்தியத் தேனீக்கு அதிகம் புழங்குவது நியூட்டன் பெட்டி, கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் இருந்த நியூட்டன் பாதிரியார் வடிவமைத்தது, புழு அறையில் 7 சட்டம். சரி, உள்ளே போகலாம்.

(திரையில்: புழு அடையின் நெருக்கமான காட்சி)

ஒரு நல்ல அடையைப் பாருங்கள். நடுவில் முட்டையும் புழுவும், அதைச் சுற்றி வில் மாதிரி மகரந்தம், அதற்கு மேலே தேன். பூ அதிகம் வரும் நாட்களில் இந்தத் தேன் மெல்லக் கீழே இறங்கும். ஒரு குஞ்சுத் தேனீ வெளியே வந்த சின்ன மெழுகு அறையை ராணி வந்து பார்ப்பதற்குள் வேலைக்காரத் தேனீ பூவின் மதுரத்தை ஊற்றி நிரப்பிவிடும். வில் இறங்க இறங்க ராணியின் இடம் சுருங்கிக்கொண்டே போகும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், தயவுசெய்து இதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். வளர்ந்த புழு இருக்கும் அறைகளைத் தேனீ மெழுகால் மூடி போட்டு வைத்த புழு அடை ஒன்று முழுசாகப் பொரிந்தால், அந்தத் தேனீக்கள் எத்தனை அடையில் அப்பி நிற்கும்? ஒன்று என்றுதானே நினைப்பீர்கள்? இரண்டுக்கும் மேல்! அறைக்குள் இருக்கும்போது கூட்டுப்புழு தலையை வெளிப்பக்கம் வைத்து நீளவாக்கில் கிடக்கிறது, அதனால் அடையின் மேல்பரப்பில் அதற்கு ஒரு சின்ன அறுகோண வாய் அளவு இடம் போதும். வெளியே வந்து கால் ஊன்றி நின்றால்தான் அதன் முழு உடம்புக்கும் இடம் வேண்டியிருக்கிறது. முட்டையில் இருந்து தேனீயாக சுமார் 20 நாள்தான், ராணி தினமும் சில நூறு முட்டை வைக்கிறது, ஆக இன்று மூடி போட்ட புழு அடை மூன்று நாலு தெரிந்தால், பெட்டி வழியப்போகிறது என்று இன்றைக்கே தெரிந்துவிட்டது! தேனீ வளர்ப்பில் இதைவிடப் பயனுள்ள ஒரு கணக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம், அடையின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். நடுவில் சின்னத் துளையோடு கூம்பாக மூடிய அறைகள் ஆண் தேனீயுடையவை, அவை கூடினால் உஷார். நிலக்கடலை மாதிரி தொங்கும் ராணி அறை வந்து, அதையும் மூடிவிட்டால், கூட்டம் எந்த நாள் வேண்டுமானாலும் கிளம்பும். இடம் கொடுக்க வேண்டியது அதற்கு முன்னால்.

எப்படிக் கொடுப்பது? காலையில், வெயில் ஏறுவதற்குள் திறந்து பாருங்கள், புகை கொஞ்சம் போதும். சட்டத்தைப் பெட்டிக்கு மேலேயே பிடித்துப் பாருங்கள், ராணி நழுவினாலும் உள்ளேயே விழும். ஓரத்தில் தேன் மட்டும் நிறைந்த அடை இருந்தால் எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக மெழுகுத் தாள் (அறை அச்சு பதித்த மெழுகுத் தகடு, அதன்மேல் தேனீ அடை கட்டும்) கட்டிய சட்டம் ஒன்றை, கடைசிப் புழு அடைக்கு அடுத்து வையுங்கள். தாள் இந்தியத் தேனீக்கானதாக இருக்கட்டும், இத்தாலியத் தேனீயின் அறை பெரியது. பூ குறைவான சமயம் என்றால் சர்க்கரைப் பாகு கொடுங்கள், பசியோடு இருக்கும் தேனீ மெழுகு சுரக்காது.

சிலர் வேகமாகக் கட்டட்டும் என்று புழு அடைகளுக்கு நட்டநடுவில் காலிச் சட்டத்தைச் செருகச் சொல்வார்கள். தேனீ நிரம்பி வழிந்தால் செய்யலாம். பலவீனமான குடும்பத்தில் வேண்டவே வேண்டாம். புழுக்களுக்கு 34, 35 டிகிரி சூடு தேவை, கூட்டை இரண்டாகப் பிளந்தால் மார்கழி ராத்திரியில் ஒரு பக்கத்தைக் காக்க ஆள் இருக்காது.

சென்னைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கத்திரி வெயிலில் வாசலில் தேனீ தாடி மாதிரி தொங்கினால் இடம் போதவில்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள், உள்ளே சூட்டைக் குறைக்க வெளியே வந்து நிற்கலாம். பெட்டிக்கு நிழலும் பக்கத்தில் தண்ணீரும் வையுங்கள், அப்புறம் திறந்து முட்டையைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் புதுச் சட்டம் எதுவும் சேர்க்காதீர்கள். தேனீ அப்பி நிற்காத காலி அடை மெழுகு அந்துப்பூச்சிக்கு விருந்து.

சட்டம் வைத்து ஒரு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். புது அடையில், அறையின் அடியில் வெள்ளையாக நின்றுகொண்டிருக்கும் முட்டை தெரிந்தால் ராணி இடத்தை ஏற்றுக்கொண்டது. வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். 7 சட்டமும் புழுவாகவே இருந்தால் இன்னொரு புழு அறையை அடுக்கலாம், அல்லது குடும்பத்தை நாமே இரண்டாகப் பிரிக்கலாம். பிரிப்பது எப்படி என்பது அடுத்த வீடியோ. உங்கள் பெட்டியில் எத்தனை புழு அடை இருக்கிறது, எண்ணிப் பார்த்து கமெண்ட்டில் போடுங்கள்.