டயர் உரசினால் முதலில் கத்தியை எடுக்காதீர்கள்

வணக்கம் நேயர்களே. பெரிய டயர் போட்டால் வண்டிக்கே ஒரு தனிக் கம்பீரம் வரத்தான் செய்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் போட்ட மறுநாளே ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது முன்பக்கம் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வருகிறதே, இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அந்தச் சத்தம் காதில் விழாமல் இருக்க வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வானொலி நிலையத்துக்கு லாபம்தான், டயருக்கு இல்லை.

முதலில் கணக்கு. டயரின் பக்கவாட்டில் 205/55 R16 என்று போட்டிருந்தால் அகலம் 205 மில்லிமீட்டர், அதில் 55 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், உள்ளே 16 அங்குல ரிம். கூட்டிப் பார்த்தால் மொத்த உயரம் 632 மில்லிமீட்டர் வரும். அதே ரிம்மில் 225/60 போட்டால் 676. அதாவது 44 மில்லிமீட்டர் கூடுதல். மேலே 22, முன்னால் 22, பின்னால் 22 என்று எல்லாப் பக்கமும் டயர் சக்கரக் குழியை நெருங்கிவிடுகிறது. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 85-ஐத் தாண்டி ஓடும் என்பது தனிக் கதை. ரிம் பெரிதானால் டயரும் பெரிது என்று நினைக்கவும் வேண்டாம்: 225/45 R17 போட்டால் மொத்த உயரம் 634-தான், அகலம் மட்டும்தான் கூடுகிறது.

சரி, உரசுகிறது, என்ன செய்வது? பெரும்பாலானவர்கள் உடனே பிளாஸ்டிக்கை வெட்டுகிறார்கள், இல்லையென்றால் வண்டியைத் தூக்குகிறார்கள். எங்கே உரசுகிறது என்று பார்ப்பதே இல்லை. சாக்பீஸை எடுத்து டயரின் ஓரத்திலும் மேல்பரப்பிலும் நன்றாகத் தேய்த்துவிட்டு, காலி இடத்தில் மெதுவாக இடது ஒடிப்பு, வலது ஒடிப்பு என்று முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். ரிவர்ஸில் மட்டும் உரசுகிற வண்டியும் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். அப்புறம் பின்சீட்டில் ஆட்களை உட்காரவைத்து ஒரு மேட்டில் ஏற்றி இறக்குங்கள். பிறகு டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பம்பரும் ஃபெண்டரும் (சக்கரத்துக்கு மேலே வளைந்து இருக்கும் வெளித் தகடு) சேருகிற மூலையில் ஒரு ஸ்குரூவின் தலை துருத்திக்கொண்டிருக்கும், பல சமயம் குற்றவாளி அதுதான். டயரில் ஒரே கோடாகக் கீறல் விழுந்திருந்தால் முதலில் அங்கே பாருங்கள். சக்கரக் குழிக்குள் பிளாஸ்டிக் உறையாக இருக்கும் லைனரில் லேசாகப் பட்டால், சூடுகாட்டி அதைப் பின்னுக்குத் தள்ளலாம், கொஞ்சம் வெட்டவும் செய்யலாம், ஆனால் அதற்குப் பின்னால் வயரோ வாஷர் தண்ணீர்த் தொட்டியோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. உள்பக்கம் சஸ்பென்ஷனில் உரசினால் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியோடு பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில்) குறைவான ரிம்மோ, ரிம்முக்குப் பின்னால் வைக்கிற மெல்லிய ஸ்பேசர் தட்டோ உதவும். ஆஃப்செட் 45-லிருந்து 35-க்கு வந்தால் சக்கரம் 10 மில்லிமீட்டர் வெளியே வரும். உள்ளே இடம் கிடைக்கும், அதே 10 மில்லிமீட்டர் வெளியே ஃபெண்டர் விளிம்பை நெருங்கிவிடும். ஸ்பேசர் போடுகிறவர்கள் போல்ட்டின் மரை போதுமான அளவு ஏறுகிறதா என்று பார்க்காமல் ஓட்டக் கூடாது, சக்கரம் கழன்றுவிடும்.

ஃபெண்டர் விளிம்பை உள்ளே மடக்குகிற வேலையும் இருக்கிறது. பெயின்ட்டைச் சூடாக்காமல் மடக்கினால் வெடிக்கும், வெடித்த இடத்தில் துரு பிடிக்கும்.

வண்டியைத் தூக்குவதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். உயரமான ஸ்பிரிங்கை மட்டும் போட்டால் வண்டி நிற்கும்போது இடைவெளி தாராளமாகத் தெரியும், ஆனால் பெரிய பள்ளத்தில் சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கும்போது அந்த அமுக்கத்தைத் தடுத்து நிறுத்துகிற பம்ப் ஸ்டாப் ரப்பர் பழைய இடத்தில்தானே இருக்கிறது, அதனால் டயர் பழைய இடம்வரைக்கும் போய் முட்டத்தான் செய்யும். அதற்கு மேல் வீல் அலைன்மென்ட் வேறு மாறிப்போகும். காசைச் செலவழித்துத் தலைவலியை வாங்குகிற வேலை என்பது என் அபிப்பிராயம்.

பிரேக் ஹோஸிலோ ஏபிஎஸ் வயரிலோ உரசுகிற தடம் தெரிந்தால் யோசிக்க எதுவும் இல்லை, வண்டியை ஓட்டாதீர்கள், பழைய அளவு டயரையே மாட்டுங்கள். பக்கச்சுவரில் ரப்பர் தேய்ந்து உள்ளே நூல் தெரிகிற டயரை ஒட்டுப்போட முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

இன்னும் டயரே வாங்காதவர்களுக்கு: நான்கையும் மாட்டிவிட்டால் எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். முன்பக்கம் ஒன்றை மட்டும் முதலில் மாட்டச் சொல்லுங்கள், அந்தச் சக்கரத்தை ஒரு கட்டையின்மேல் ஏற்றி நிறுத்தி, இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்த்துவிட்டு மற்ற மூன்றுக்கும் சரி சொல்லுங்கள்.