மோட்டார் தானாக நிற்க வேண்டுமே

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தார்சா விளக்கு தானாகவே எரிந்து, தானாகவே அணைகிறது. சாதாரண சுவிட்சை எடுத்துவிட்டு நெட் வழியே கைப்பேசியிலிருந்து இயக்கும் ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டி, கைப்பேசியில் ஒரு தடவை ஷெட்யூல் வைத்ததோடு சரி.

விளக்குக்கு மணி பார்த்து நேரம் வைக்காதீர்கள். நம் பக்கம் நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது அடைந்துவிடும், ஜூலையில் 6.40 ஆகும். செயலியில் 'சன்செட்' என்று இருப்பதைத் தொட்டு, ஊரைக் குறித்துவிட்டால் தினமும் அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். அணைக்க 'சன்ரைஸ்'. விளக்குக்கு இவ்வளவு போதும்.

தண்ணீர் மோட்டாருக்குத்தான் நிறைய யோசிக்க வேண்டும். காலை 5 மணிக்கு ஆன், 5.20க்கு ஆஃப் என்று வைத்திருந்தேன். ஒருநாள் 5.15க்குப் போன கரண்ட் 5.40க்குத்தான் வந்தது. கரண்ட் வந்ததும் பழைய நிலைக்கே திரும்பும்படி சுவிட்ச் அமைந்திருந்ததால், மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. அணைக்க வேண்டிய 5.20 ஏற்கெனவே தாண்டிவிட்டதே! மாடித் தொட்டி நிறைந்து வழிந்து, ஆச்சி சத்தம் கேட்டு எழுந்து வந்து கையால் அணைத்தார்கள். தாமிரபரணித் தண்ணீர் வாசல் தாண்டித் தெருவில் ஓடியது இன்னமும் என் மனசை உறுத்துகிறது.

அன்றைக்கே இரண்டை மாற்றினேன். 'பவர் ஆன் ஸ்டேட்' என்ற இடத்தில் 'ஆஃப்' வைத்தேன்; கரண்ட் போய் வந்தால் மோட்டார் சும்மா இருக்கும். அப்புறம், ஆன் ஆனதிலிருந்து 20 நிமிஷத்தில் தானே அணையும்படி வைத்தேன். கையால் போட்டாலும் சரி, ஷெட்யூல் போட்டாலும் சரி, இந்தக் கணக்கு பொருந்தும். சில செயலிகளில் இதற்கு 'இன்ச்சிங்' என்று பெயர். நிறைய சுவிட்சுகள் இதைத் தமக்குள்ளேயே எண்ணிக்கொள்வதால், நடுவில் நெட் போனாலும் மோட்டார் நின்றுவிடும்.

இன்னொன்று. 1 குதிரைத்திறன் என்பது 746 வாட்தானே, 10 ஆம்பியர் சுவிட்ச் தாங்காதா என்று தோன்றும். கிளம்பும் நொடியில் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதில் சுவிட்சுக்குள்ளே கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால், செயலி 'ஆஃப்' என்று காட்டும், மோட்டாரோ ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு கான்டாக்டர் (மோட்டார் இழுக்கும் கரண்டைத் தாங்கும் கனமான மின்சுவிட்ச்) போட்டுத் தரும்படி எலெக்ட்ரீசியனிடம் கேளுங்கள்.

எல்லாம் வைத்து முடித்ததும், மோட்டார் ஓடும்போது மெயினை அணைத்து, ஐந்து நிமிஷம் கழித்துப் போட்டுப் பாருங்கள். மோட்டார் மறுபடி ஓடவில்லை என்றால் நிம்மதியாக வெளியூர் கிளம்பலாம்.