தெருவில் பறக்கும் வண்டிகள்: அளந்து பார்ப்பதிலிருந்து வேகத்தடை போடுவது வரை

[காட்சி: நேரான தெரு. ஒரு பக்கம் திண்ணை வீடுகள், மறுபக்கம் வாய்க்கால். ஒரு பைக் வேகமாகக் கடக்கிறது.]

குரல்: காவிரி டெல்டாவில் நிறைய தெரு இப்படித்தான் இருக்கு. வாசப்படி இறங்கினா நேரா ரோடு, எதிர்ப்பக்கம் வாய்க்கால். ஒதுங்கி நிக்க இடமே கிடையாது. புதுசா தார் போட்ட மறுநாளே வண்டி பறக்க ஆரம்பிச்சிடும். ரோடு நேராவும் வழுவழுப்பாவும் இருந்தா கை தானா ஆக்ஸிலேட்டரை முறுக்கும். அப்படி ஓட்டுறவங்கள்ல நிறைய பேர் அதே தெருக்காரங்க.

[காட்சி: ரோட்டில் சுண்ணாம்புக் கோடுகள், 13 மீட்டர், 37 மீட்டர்.]

குரல்: மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வர்றவர் ஒரு குழந்தையைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகுது. அதுக்குள்ள வண்டி 8 மீட்டர் ஓடிடும். பிறகு பிரேக் பிடிச்சு நிக்க 5 மீட்டர். மொத்தம் 13. அதுவே 60 கிலோமீட்டர் வேகம்னா அந்த முதல் விநாடியிலேயே 16 மீட்டருக்கு மேல போயாச்சு. நிக்க 37 மீட்டர் ஆகும். 30-ல் வந்தவர் நின்ற இடத்தை, 60-ல் வர்றவர் பிரேக்கில் கால் வைக்கிறதுக்கு முன்னாடியே தாண்டிடுறார். இது காய்ஞ்ச ரோட்டுக்கான கணக்கு. வயல் சேறு படிஞ்ச ரோட்டில் இன்னும் கூடும்.

[காட்சி: டேப்பால் 50 மீட்டர் அளக்கிறார்கள். ஒருவர் கையில் துண்டு, இன்னொருவர் கையில் செல்போன்.]

குரல்: வேகத்தடை கேட்டு மனு எழுதுறதுக்கு முன்னாடி வேகத்தை அளந்திடுங்க. "ரொம்ப வேகமா போறாங்க"ன்னு எழுதின மனுவுக்கு அலுவலகத்தில் மதிப்பு குறைவு. தெருவில் 50 மீட்டர் அளந்து, ரெண்டு முனையிலும் ரோட்டுக்குக் குறுக்கே கோடு போடுங்க. முதல் கோட்டுக்கு நேரா ஒருத்தர் நிக்கணும். முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் கையில் இருக்கிற துண்டை இறக்கணும். ரெண்டாவது கோட்டில் நிக்கிறவர் அதைப் பார்த்து ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, சக்கரம் தன் கோட்டைத் தொட்டதும் நிறுத்தணும். 180-ஐ அந்த விநாடியால் வகுத்தா கிடைக்கிறதுதான் வேகம். 6 விநாடின்னா 30 கிலோமீட்டர், 4 விநாடின்னா 45, 3 விநாடின்னா 60.

தப்பு எங்க வரும்னா, கோட்டுக்கு நேரா நிக்காம சாய்வா நின்னு பார்க்கும்போது. இன்னொண்ணு, நம்மைப் பார்த்ததும் ஓட்டுறவங்க வேகத்தைக் குறைச்சிடுவாங்க. திண்ணைத் தூண் ஓரமா நில்லுங்க. பள்ளிக்கூட நேரத்தில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம்னு 100 வண்டி எடுங்க. வேகத்தை ஏறுவரிசையில் எழுதி 85-வது வண்டியைப் பாருங்க. நூறில் 85 வண்டி அந்த வேகத்திலோ அதுக்குக் கீழேயோதான் போகுதுன்னு அர்த்தம். சாலைப் பொறியாளர்கள் பார்க்கிறது அந்த எண்ணைத்தான்.

[காட்சி: மைல்கல் வண்ணங்கள்.]

குரல்: அடுத்து, ரோடு யாருடையதுன்னு தெரிஞ்சுக்கணும். மைல்கல் தலையில் மஞ்சள்னா தேசிய நெடுஞ்சாலை, பச்சைன்னா மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சுன்னா பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. கல்லே இல்லாத உள்தெரு பெரும்பாலும் ஊராட்சியோடது, நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சியோடது. ஊராட்சித் தெருன்னா கிராம சபையில் தீர்மானம் போடுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 தேதிகளில் கூடும். தீர்மான நகலோடு உங்க அளவுத் தாளையும் சேர்த்து ஒன்றிய அலுவலகத்தில் கொடுங்க. நெடுஞ்சாலைத் துறை ரோடுன்னா திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு மனுவைக் கொண்டுபோங்க.

[காட்சி: குட்டையான, உயரமான சிமெண்ட் மேடு. ஸ்கூட்டரின் அடிப்பாகம் உரசுகிறது.]

குரல்: இதை மட்டும் செய்யாதீங்க. ராத்திரியோட ராத்திரியா கொத்தனாரை வெச்சு, இடிச்ச செங்கல்லும் சிமெண்டும் குழைச்சு, ஒரு அடி அகலத்தில் அரை அடி உயர மேடு போடுறாங்க. அனுமதியும் கிடையாது, ராத்திரியில் கண்ணுக்கும் தெரியாது. பின்சீட்டில் உட்கார்ந்து வர்ற கர்ப்பிணிக்கும் 108 வண்டியில் படுத்திருக்கிறவருக்கும் அது எலும்பு வரைக்கும் அடிக்கும்.

சாலைகளுக்கான தரத்தை வகுக்கிற அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் வேகத்தடைக்குச் சொல்ற அளவு வேற. போற திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கினா உடம்பு குலுங்காது. அதுக்கு மேல போனாத்தான் தூக்கிப் போடும்.

[காட்சி: மேட்டின் இரு ஓரத்திலும் 10 சென்டிமீட்டர் உயரக் கட்டைகள், இடையே இழுத்துக் கட்டிய நூல்.]

குரல்: ஒப்பந்தக்காரர் போட்ட அன்னிக்கே சரிபார்த்திடுங்க. மேடு தொடங்குற இடத்திலும் முடியிற இடத்திலும் 10 சென்டிமீட்டர் கட்டை வெச்சு நூலை விறைப்பா இழுங்க. நடுவில் நூல் மேட்டைத் தொடணும். நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, நூலுக்குக் கீழே 3 சென்டிமீட்டர் இடைவெளி. ஒன்றரை மீட்டரில் ஆறரை சென்டிமீட்டர். இடைவெளி இதைவிடக் குறைஞ்சா ஓரம் செங்குத்தா நிக்குதுன்னு அர்த்தம்.

நம்ம பக்கம் பெரிய வில்லன் தண்ணிதான். ஐப்பசி மழையில் மேட்டுக்கு முன்னாடி தண்ணி தேங்கினா, களிமண் அடித்தளம் ஊறி தார் பெயர்ந்து, தடைக்கு முன்னாலேயே பள்ளம் விழும். ஓரத்தில் குழாய் பதிச்சு தண்ணியை வாய்க்காலுக்கு விடணும். குழாய் வைக்காம வெறுமனே ஓரத்தில் இடம் விட்டா பைக்காரங்க அந்தச் சந்தில் நுழைஞ்சு போவாங்க. அங்கதான் ஆள் நடக்கிற இடம். மதகு மேலயும் வளைவிலயும் போடக்கூடாது.

கறுப்பு வெள்ளைப் பட்டை அடிச்சாலும் டிராக்டர் சேறு மூடிடும். அதனால 40 மீட்டர் முன்னாடி எச்சரிக்கைப் பலகை கட்டாயம் வேணும். கேஜ் வீல், அதாவது சேத்து வயலுக்கான இரும்புச் சக்கரம், மாட்டின டிராக்டரைத் தார் ரோட்டில் விடாதீங்க, ஒரே பருவத்தில் மேட்டோட ஓரம் கடிபட்டுப் போகும்.

[காட்சி: நெல் மூட்டை ஏற்றிய லாரி.]

குரல்: தை, மாசியில் கொள்முதல் நிலைய லாரிகளுக்கு மேடு மட்டும் போதாது. காலை 8-லிருந்து 9:30, சாயங்காலம் 3:30-லிருந்து 5 மணி வரைக்கும் லாரி அந்தத் தெருவில் வராம இருக்க, அறுவடை தொடங்குறதுக்கு முன்னாடியே நிலையத்தில் பேசி எழுத்தில் வாங்கிக்குங்க.

[காட்சி: அதே தெரு, அதே சுண்ணாம்புக் கோடுகள்.]

குரல்: மேடு போட்டு ரெண்டு வாரம் கழிச்சு, அதே நேரத்தில், அதே 50 மீட்டரில் மறுபடி 100 வண்டி அளங்க. மேடு தாண்டினதும் வேகம் திரும்ப ஏறினா 100-லிருந்து 120 மீட்டர் தள்ளி இன்னொண்ணு கேக்கலாம். பக்கத்துத் தெருவிலும் ஒரு நாள் அளந்து பாருங்க. இங்க குறைஞ்ச வண்டிகள் அங்க திரும்பியிருந்தா, அந்தத் தெருக்காரங்களோடு சேர்ந்து ஒரே மனுவா கொடுங்க.