வால்பாறை ஒருநாள் டூர்: பைனாகுலர் வாடகை மட்டும் 300 ரூபாய்!

வணக்கம் மக்களே. குரல் கரகரவென்று இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று ராத்திரி பத்தே முக்காலுக்குத்தான் வீட்டுக்குள் கால் வைத்தேன். பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. சூடு ஆறுவதற்குள் பேசிவிட வேண்டும் என்று அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் விசில் அடித்தால் பயந்துவிடாதீர்கள்.

பழைய ஆட்களுக்குத் தெரியும், கும்பலாக டூர் போவது எனக்கு ஆகவே ஆகாது. கொடைக்கானல் பஸ் டூர் வீடியோவில் என்ன பேச்சுப் பேசினேன்! ஒரே நாளில் பன்னிரண்டு இடம், இடத்துக்குப் பத்து நிமிஷம், வழி முழுக்க ஸ்பீக்கரில் பாட்டு. "இனி குரூப் டூர் போனால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன்" என்று வேறு சவால் விட்டேன். போய்விட்டு வந்துவிட்டேன். புதுப் பேரை நீங்கள் கமெண்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இது வேறு மாதிரி டூர். மொத்தமே ஏழு பேர், ஒரு டிரைவர், ஒரு கைடு. பொள்ளாச்சியில் விடிகாலை ஐந்தரைக்கு ஏற்றி, வால்பாறை மேலே கூட்டிக்கொண்டு போய், காட்டையும் விலங்கையும் காட்டிவிட்டு, இரவு பொள்ளாச்சியிலேயே இறக்கிவிடுவார்கள். தலைக்கு 2,800 ரூபாய். காலை இட்லிப் பொட்டலம் அதில் சேர்த்தி, மதியச் சாப்பாடு நம் செலவு. சரி, அதுவரை நியாயம்தான்.

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு ஒருவர் பையைத் திறந்து, "பைனாகுலர் வேணுங்களா மேடம், வாடகை 300" என்கிறார். மக்களே, விலங்கு பார்க்கிற டூர் இது! பைனாகுலரைத் தனியாக வாடகைக்கு விடுவது, மெஸ்ஸில் சாப்பாட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு இலைக்குத் தனிக் காசு கேட்கிற மாதிரி இல்லையா? பதிவு செய்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எதிர் வீட்டு அண்ணனிடம் இரவல் வாங்கியிருப்பேன், அவர் மகன் வைத்திருக்கிறான். சொல்லவில்லை. வாங்காமல் போனால் மரத்தில் கறுப்புப் புள்ளியைத்தான் பார்ப்போம் என்று பயமுறுத்தினார்கள். கொடுத்தேன். கையில் வந்ததைக் கண்ணில் வைத்தால் வலது பக்கம் ஒரே பனி. துடைத்தேன், ஊதினேன், துப்பட்டாவில் தேய்த்தேன், போகவில்லை. கண்ணாடிக்கு உள்பக்கம் பூசணம் பிடித்திருக்கிறது! வேறு கேட்டால் வேறு இல்லையாம். ஆக 150 ரூபாய்க்கு ஒரு கண், மீதி 150 ரூபாய்க்கு ஒரு கூமுட்டை.

இரண்டாவது விஷயம், என் வெற்றி. மருதமலைப் படி ஏறாமல் ரோட்டில் போனாலே எனக்கு வயிறு புரளும், நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஆழியாரிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் பலகை வைத்து எண் போட்டிருப்பார்கள், நாம் எண்ணி எண்ணி நொந்துபோக வசதியாக. நான் என்ன செய்தேன் தெரியுமா? கோவை உக்கடத்தில் விடிகாலை நாலு மணி பஸ்ஸைப் பிடித்து, எல்லோருக்கும் முன்னால் போய், டிரைவர் பக்கத்து ஒற்றை சீட்டில் துண்டு போட்டுவிட்டேன். கையில் எலுமிச்சம்பழம், கண் நேரே ரோட்டில். இட்லியைத் தொடவே இல்லை. 40 வளைவும் ஏறினேன் மக்களே, ஒரு வாந்தி இல்லை! பின் சீட்டில் வந்த கல்லூரிப் பையன்தான் இருபத்தேழாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னான். பாவம்தான், ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம், மறைக்க மாட்டேன்.

இருங்கள், செக்போஸ்ட்டை விட்டுவிட்டேன். 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கும் இ-பாஸ் வேண்டும், ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதம் வந்த மாதிரியே. காசு கிடையாது, போனில் பதிவு செய்தால் போதும். எங்கள் வண்டிக்கு எடுத்தது முந்தின நாள் தேதியில். யார் தப்பு என்று அவர்களுக்குள்ளேயே இருபது நிமிஷம் போனில் பேச்சு. நீங்கள் சொந்த வண்டியில் போனால் தேதியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்.

சரி, விலங்குக்கு வருகிறேன். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட். கீழே ஆழியார் அணை நீல நிறத்தில் கிடக்கிறது, ஏறி வந்த ரோடு பாம்பு மாதிரி. எல்லோரும் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, கைடு தம்பி பாறைப் பக்கம் கையைக் காட்டினார். வரையாடு! நம் மாநில விலங்கு. சங்கப் பாட்டில் வருடை என்று வருகிறதே, அதுதான். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் இருக்கிற மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறு எங்கேயும் இயற்கையாகக் கிடையாது. 2024 கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் 1,031 இருந்தது. ஆயிரத்து முப்பத்தொன்று, நம் தெருக் கல்யாணத்துக்கு அதைவிடக் கூட்டம் வரும்.

பெண் ஆடு ஒன்று குட்டியோடு கைப்பிடிச் சுவர் மேல் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் அதலபாதாளம். குட்டி பிறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, ஜனவரி, பிப்ரவரிதான் குட்டி போடும் காலமாம். முன்னங்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரு தேங்காய் மூடி அகலம்தான் இருக்கும், அவ்வளவு இடத்தில் நிற்கிறது. அப்படியே திரும்பிக் காதைச் சொறிகிறது! எனக்குத்தான் உள்ளங்கால் கூசியது. கொஞ்சம் மேலே கடா ஒன்று, ஏறக்குறைய கறுப்பு, முதுகில் சாம்பல் தூவியது போல ஒரு திட்டு. பின்னால் வளைந்த கொம்பு.

இதற்கு நடுவில் வேறு காரில் வந்த ஒரு குடும்பத்தலைவர் முறுக்கு நீட்டிக்கொண்டு "வா, வா" என்கிறார். கைடு தம்பி போய், "அண்ணா, கொடுக்காதீங்க, ரோட்டுக்கு வரப் பழகிடும், வண்டில அடிபட்டுச் செத்துடும்" என்று தன்மையாகத்தான் சொன்னார். அவர் கேட்டது என்ன தெரியுமா? "உன் ஆடா?" மக்களே, எனக்கு வந்த கோபத்தில் என் எலுமிச்சம்பழத்தை அவர் மேல் எறிந்திருப்பேன். அந்தப் பழத்தை நம்பி இன்னும் 31 வளைவு இருந்ததால் அவர் தப்பித்தார்.

மேலே போனதும் ஊரே மாறிவிடுகிறது. கண்ணுக்கு எட்டும் வரை தேயிலை, நடுநடுவே தீவு மாதிரி காடு. வெள்ளைக்காரர்கள் காட்டை வெட்டித் தேயிலை வைத்தபோது மிச்சம் விட்ட துண்டுகள்தான் இவை. வால்பாறைப் பீடபூமி ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர், அதைச் சுற்றி நாலா பக்கமும் காடு. யானைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வேறு வழியே இல்லை, எஸ்டேட் வழியாகத்தான் போக வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் தேவைப்படும்.

புதுத்தோட்டத்தில் இறங்கினோம். சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, இருக்கிற இடம். ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பட்டைப் பட்டையாகப் பாலம் கட்டியிருக்கிறார்கள், குரங்குகள் ரோட்டில் இறங்கி அடிபடாமல் இருக்க. தம்பி எங்களை ஓரமாக நிற்க வைத்து, "பேசாதீங்க, கைய நீட்டாதீங்க, பார்த்துட்டே இருங்க" என்றார். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. என் பின்னால் ஒரு அம்மா, "ஜூவுலயே பாத்திருக்கலாம்" என்று முணுமுணுக்கிறார். அப்போது பாலம் ஆடியது. கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். வயிற்றில் குட்டி தொங்கத் தொங்க ஒரு தாய் நடந்து வருகிறது. பின்னாலேயே ஒவ்வொன்றாக, எண்ணினேன், பதினெட்டு. ஒன்று என் தலைக்கு நேர் மேலே கிளையில் உட்கார்ந்து, காய்ந்த இலைச் சுருளை எடுத்து, பீடி பிரிக்கிற மாதிரி மெதுவாகப் பிரித்து, உள்ளே இருந்த பூச்சியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, காலி இலையை என் மேல் போட்டது. அந்த இலை இதோ இருக்கிறது, பாருங்கள், பத்திரமாகக் கொண்டு வந்துவிட்டேன்.

இதில் பைனாகுலர் கதை வேறு. அவ்வளவு பக்கத்தில் ஃபோகஸே ஆகவில்லை. 300 ரூபாயைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வெறும் கண்ணால் பார்த்தேன்.

[குக்கர் விசில்]

ஒன்று. இன்னும் இரண்டு வரவேண்டும்.

அடுத்தது இருவாச்சி. எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். தம்பி கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "அக்கா, வீடியோல இடத்தைப் போட்டுடாதீங்க, அடுத்த வாரம் முப்பது கார் நிக்கும்" என்று கேட்டுக்கொண்டார். ஒரு பெரிய மரம், நடுவில் பொந்து. இந்தப் பருவத்தில் பெண் பறவை பொந்துக்குள் போய், வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு கீற்று மட்டும் விட்டு மாதக்கணக்கில் உள்ளேயே அடைகாக்கும். சாப்பாடு முழுக்க ஆண்தான் கொண்டு வர வேண்டும். ஆண் செத்தால் உள்ளே இருப்பதன் கதி என்ன, நினைத்துப் பாருங்கள்.

நாற்பது நிமிஷம் காத்திருந்தோம். இந்த டூரில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த நாற்பது நிமிஷம்தான். கொடைக்கானல் டூரில் அதே நேரத்தில் நாலு இடம் காட்டி முடித்திருப்பார்கள். இங்கே போனைப் பையில் போட்டுவிட்டு ஏழு பேரும் புல்லில் உட்கார்ந்திருந்தோம், வாந்தி எடுத்த பையன் உட்பட. முதலில் சத்தம்தான் கேட்டது. புஸ், புஸ், புஸ் என்று பழைய ரயில் எஞ்சின் மாதிரி. அது இறக்கை அடிக்கிற சத்தம்! பெரிய இருவாச்சி, மஞ்சள் அலகு, அதன் மேல் தொப்பி கவிழ்த்த மாதிரி ஒரு புடைப்பு. மரத்தில் ஒட்டி உட்கார்ந்து, தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக மேலே கொண்டு வந்து, அலகு நுனியில் பிடித்து, அந்தக் கீற்றுக்குள் நீட்டியது. உள்ளே இருந்து ஒரு அலகு நுனி வந்து வாங்கிக்கொள்கிறது. நான் வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால், பதினோரு பழம் எண்ணினேன். நல்ல பைனாகுலராக இருந்திருந்தால் என்ன பழம் என்றே சொல்லியிருப்பேன். அத்திதான் என்றார் தம்பி.

மதியம் டவுனில் ஒரு மெஸ். சாப்பாடு சுமார், ரசம் அருமை. அப்புறம் நல்லமுடி பூஞ்சோலைக்குப் போனோம். 2,695 மீட்டர் ஆனைமுடி எதிரே தெரியும் என்றார்கள். எங்களுக்குத் தெரிந்தது மேகம். மலையே நெருப்புப் புகையில் வைத்த மாதிரி. ஒரு நொடி ஒரு பாறை விளிம்பு தெரிந்தது, கேமராவை எடுப்பதற்குள் மூடிவிட்டது. என் ராசி, ஊட்டி வீடியோவிலும் இப்படித்தான்.

திரும்பும்போதுதான் அந்தச் சாயங்கால விஷயம். வளைவு ஒன்றில் கம்பத்தின் மேல் சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைகிறது. தம்பி உடனே டிரைவரை ஓரம் கட்டச் சொன்னார். யானை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தமாம். யானை வந்திருப்பது தெரிந்தால் போனிலேயே அந்த விளக்கை எரிய வைத்துவிடுவார்கள். சுற்று வட்டாரத்தில் எஸ்டேட் ஆட்களுக்கு எஸ்எம்எஸ் போகும், கேபிள் டிவியில்கூட ஓடும். நமக்கு அது டூரில் ஒரு சுவாரசியம். வேலை முடிந்து இருட்டில் லயத்துக்கு, அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, நடந்து போகிறவர்களுக்கு அது உயிர். தம்பியே லயத்தில் வளர்ந்தவர். சின்ன வயதில் ரேஷன் வாங்கப் போய், யானைக்குப் பயந்து இரண்டு மணி நேரம் கடையிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

எஞ்சின் அணைத்து இருபத்தைந்து நிமிஷம். கீழே பள்ளத்தில் ஒரு கிளை முறிகிற சத்தம், அப்புறம் இன்னொன்று. தேயிலை வாடையோடு ஏதோ ஒரு சாண நெடி. யானையைப் பார்க்கவில்லை. "காசு கொடுத்தும் யானை காட்டலையே" என்றார் அந்த ஜூ அம்மா. எனக்கு அந்தச் சத்தமே போதும், கை ரோமம் எல்லாம் எழுந்து நின்றது.

[குக்கர் விசில்]

இரண்டு. சீக்கிரம் முடிக்கிறேன். பொள்ளாச்சியில் இறங்கும்போது பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்து, பூசணத்தைக் காட்டி, பாதிக் காசாவது கொடுங்கள் என்றேன். அவர் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமாங்க மேடம், அடுத்த தடவை நீங்க வரும்போது புதுசு வாங்கி வெச்சுடறோம்" என்றார். என் 300-லா என்று கேட்டதற்குச் சிரித்தார். பத்து பைசா பெயரவில்லை. கைடு தம்பிக்கு மட்டும் தனியாக 500 கொடுத்துவிட்டு வந்தேன், அவர் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

அதனால் நான் சொந்தமாக ஒரு பைனாகுலர் வாங்கப் போகிறேன். பட்ஜெட் 6,000. உங்களிடம் இருந்தால் எது நல்லது என்று கீழே எழுதுங்கள், ஒன்றரைக் கண் உள்ளது எனக்கு வேண்டாம். மூன்றாவது விசில் வந்துவிட்டது, பருப்பு குழைந்துவிடும், வருகிறேன்.