இஸ்கூலும் சகூனும்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாடு போய் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது 2014-இல். திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள் நான். அப்புறம் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., பி.எட்., ஐந்து வருடம் உள்ளூரில் ஆசிரியர் வேலை. இது போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் எந்த விளம்பரத்தைத் திறந்தாலும் ஒரு வரி குறுக்கே நின்றது: 'தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்.'

தென்கொரியாவில் இது சட்டமாகவே இருக்கிறது. அங்கே ஆங்கில ஆசிரியர்களுக்கான விசா ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான்: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தத்தில் நம் நாட்டு உதவி ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன வாசல் திறந்தார்கள். சின்ன வாசல்தான்.

அன்றைக்கு அந்த வரியைப் படித்துவிட்டு ராத்திரி அழுதிருக்கிறேன். 'நீ பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் உன்னுடையது இல்லை' என்று யாரோ முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி இருந்தது. நான்கு வருடம் தாய்லாந்தில் பாடம் நடத்திவிட்டு வந்த பிறகு அந்த வரியைப் பற்றி எனக்கு வேறு கருத்து இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

தாய்லாந்தில் எனக்கு வேலை கிடைத்த ஊர் உபோன் ராச்சதானி. பாங்காக்கில் இரவு ரயில் ஏறினால் காலையில் இறங்கலாம், லாவோஸ் எல்லைக்குப் பக்கம். பெயரைக் கேட்டதும் காது விழித்துக்கொள்கிறது அல்லவா? பின்பாதி நம் ராஜதானியேதான். முன்பாதி தாமரையைக் குறிக்கும் பாலிச் சொல். அந்த வட்டாரத்துக்கே ஈசான் என்று பெயர். தாய்லாந்தின் வடகிழக்கு அது. வடகிழக்கை ஈசானிய மூலை என்று சொல்லி வளர்ந்த எனக்கு, முன்பின் தெரியாத ஊரில் திசை காட்ட வேறு ஆள் தேவைப்படவில்லை.

முதல் நாள். காலை எட்டு மணிக்குக் கொடியேற்றம், தேசிய கீதம். பிறகு வகுப்பு. நாற்பத்திரண்டு பிள்ளைகள் ஒன்றாக எழுந்து நின்று, ராகம் போட்டு 'குட் மார்னிங் டீச்சர்' என்றார்கள். எங்கள் ஊர்ப் பள்ளியில் நாங்கள் பாடிய அதே ராகம். எப்படி இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். 'ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?' என்று நாற்பத்திரண்டு பேரும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

பலகையில் 'ஸ்கூல்' என்று எழுதிப் படிக்கச் சொன்னேன். ஒரு பெண் எழுந்து 'சகூன்' என்றாள். அந்த இடத்தில் எனக்கு என் அப்பாயி நினைவுக்கு வந்தார். அவர் கடைசி வரை 'இஸ்கூலு' என்றுதான் சொன்னார். 'ஸ்' என்ற மெய்யில் ஒரு சொல் தொடங்குவது தமிழ் நாக்குக்குப் பழக்கமில்லை. அதனால் முன்னால் ஓர் இகரத்தை வைத்துக்கொண்டோம். தாய்லாந்து நாக்குக்கும் அது பழக்கமில்லை. அவர்கள் ஸகரத்துக்கும் ககரத்துக்கும் நடுவில் ஓர் அகரத்தைச் செருகிக்கொண்டார்கள். வழுக்கும் இடம் ஒன்று, பிடித்துக்கொண்ட கொம்புதான் வேறு.

சொல்லின் கடைசியில் நடப்பது இதைவிடச் சுவையானது. மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று பள்ளியில் படித்தோமே, நினைவிருக்கிறதா? தமிழில் வல்லின மெய்யில் சொல் முடியாது. அதனால்தான் புக் நம் வாயில் 'புக்கு' ஆகிறது, பஸ் 'பஸ்ஸு' ஆகிறது. தாய்லாந்து மொழியில் கணக்கு வேறு. அங்கே ப், த், க், ம், ன், ங் என்ற ஒலிகள் சொல்லின் இறுதியில் தாராளமாக வரும். ல், ர், ஸ் வராது. லகரமும் ரகரமும் னகரமாகிவிடும், ஸகரம் தகரமாகிவிடும். ஹோட்டல் 'ஹோட்டென்' ஆகிறது, ஃபுட்பால் 'ஃபுட்பான்' ஆகிறது, பஸ் 'பத்' என்று பாதியில் நின்றுவிடுகிறது. நாம் பின்னால் ஒரு உகரத்தைச் சேர்த்துத் தப்பிக்கிறோம், அவர்கள் வாயை மூடித் தப்பிக்கிறார்கள்.

தாய்லாந்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் கூப்பிடு பெயர் ஒன்று உண்டு. பல சமயம் அது ஆங்கிலச் சொல்லாகவே இருக்கும். என் வகுப்பில் ஒரு பையன் பெயர் ஐஸ். தன் பெயரையே அவன் 'ஐ' என்றுதான் சொல்வான், கடைசி எழுத்து வராது. நான் கல்லூரியில் முதல் வருடம் படிக்கும்போது 'ஃபேன்' என்ற சொல்லை 'பேன்' என்று சொல்லி வகுப்பே சிரித்தது. எங்கள் ஆசிரியை ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, 'மேல்பல்லைக் கீழுதட்டில் வை, காற்றை விடு' என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்றேன். அதே போல ஐஸ் பையனுக்கும் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும். 'நாக்கு நுனியை மேலே ஒட்டாதே, பாம்பு மாதிரி சீறு' என்று என்னுடைய அரைகுறை தாய்லாந்து மொழியில் சொன்னேன். இரண்டு சீறல் தனியாக, அப்புறம் பெயரோடு சேர்த்து. மூன்றாம் நாள் 'ஐ...ஸ்ஸ்' என்று நீட்டினான். வகுப்பு கை தட்டியது. அன்று முழுக்கப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு குடித்த ஒருவருக்கு ஸகரம் தானாக வரும். வராத நாக்கு எங்கே மாட்டிக்கொள்கிறது என்று அவர் படித்துத் தெரிந்துகொள்ளலாம், நல்ல ஆசிரியர்கள் தெரிந்துகொள்ளவும் செய்கிறார்கள். எனக்கு அது என் வாயிலேயே நடந்தது. வேலைக்கு வேண்டிய முதல் தகுதி இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லாவற்றிலும் எனக்கு அந்த வசதி இருந்தது என்று சொல்ல மாட்டேன். காலம் காட்டும் வினைச்சொற்களில் திணறிப்போனேன். 'நேற்று நான் போகிறேன்' என்ற பொருள்படவே ஆங்கிலத்தில் எழுதுவார்கள். போனேன், போகிறேன், போவேன் என்று தமிழில் வினையே காலத்தைச் சொல்லிவிடுவதால், இது எப்படிப் பிடிபடாமல் போகும் என்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியை ஒருவர்தான் சொன்னார்: தாய்லாந்து மொழியில் வினை மாறவே மாறாது. போவதற்கு 'பை' என்றால் நேற்றும் 'பை', நாளைக்கும் 'பை'. முடிந்துவிட்டது என்று காட்ட 'லேவ்' என்று ஒன்றைக் கடைசியில் சேர்த்தால் போதும். அதைக் கேட்ட பிறகுதான் அவர்கள் மொழியை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். அதற்கு முன் நடத்திய மூன்று மாதப் பாடத்தையும் திரும்ப நடத்தினேன்.

காஷ்மீரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த பிரஜ் கச்ரு என்ற மொழியியலாளர் 1985-இல் ஆங்கில உலகத்தை மூன்று வட்டங்களாக வரைந்து காட்டினார். நடுவில் பிரிட்டன், அமெரிக்கா போன்றவை. அடுத்த வட்டத்தில் இந்தியா, இலங்கை, நைஜீரியா, சிங்கப்பூர். வெளியே தாய்லாந்து, ஜப்பான், சீனா. நாம் நடு வட்டத்துக்கும் வெளி வட்டத்துக்கும் இடையில் நிற்கிறோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பிறகு அமெரிக்காவில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா, தாய்மொழிக்காரர்தான் சிறந்த ஆசிரியர் என்ற எண்ணத்தை வெளிப்படையாக மறுத்து எழுதியவர். ஒரு தமிழர் இந்தத் துறையின் நடுவிலிருந்தே அதைச் சொன்னார் என்பது எனக்குப் பெரிய தெம்பு.

அந்த ஊர் எனக்குக் கொடுத்ததில் ஒன்றை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மே நடுவில் பள்ளி திறக்கும். ஜூன் மாதத்தில் ஒரு நாள், பெரும்பாலும் வியாழக்கிழமை, 'வை க்ரூ' நடக்கும். க்ரூ என்றால் குரு. கல்லூரி ஆசிரியரை 'ஆஜான்' என்பார்கள், நம் ஆசான் மாதிரியே காதில் விழும். வியாழக்கிழமைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரில் இருப்பவர் பிரகஸ்பதி. ஆக, குருவாரத்தில் குருவணக்கம்.

அன்று பிள்ளைகள் முழங்காலிட்டு வந்து ஆசிரியர்களிடம் ஒரு பூத்தட்டை நீட்டுவார்கள். என் முறை வந்தது. தட்டில் என்ன இருந்தது தெரியுமா? அருகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ, நெல்பொரி. நான் பிள்ளையாருக்குக் கிள்ளிய அதே அருகம்புல்! பக்கத்தில் இருந்த ஆசிரியை காதோரம் விளக்கினார். அருகு எங்கே மிதித்தாலும் தழைத்துப் பரவும், அறிவும் அப்படிப் பரவ வேண்டும். இட்லிப்பூவின் மொட்டு ஊசி மாதிரி, புத்தி கூர்மையாக வேண்டும். கத்தரிப்பூ காய்க்கப்போகும்போது தலை குனிந்துகொள்ளும், அது பணிவு. பொரி, சட்டியின் சூட்டுக்குள் ஒழுங்காக நின்று மலர்ந்தது. தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு எனக்குப் பேச்சே வரவில்லை. என்னைத் தாய்மொழிக்காரி இல்லை என்று ஒதுக்கிய விளம்பரங்களை எல்லாம் அந்தத் தட்டுக்கு முன்னால் மறந்துபோனேன்.

தவறும் செய்திருக்கிறேன். முதல் மாதம், வகுப்புப் பெயர்ப் பட்டியலைச் சிவப்பு மையில் அழகாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார்கள். உயிரோடு இருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதுவது அங்கே அமங்கலம், சாவோடு சேர்த்துப் பார்ப்பார்கள். யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மதியம் வந்து பார்த்தால் யாரோ எல்லாப் பெயர்களையும் நீல மையில் எழுதி அதன் மேலேயே ஒட்டியிருந்தார்கள்.

சரி, போக நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் காரியப் பேச்சு. எனக்கு முதலில் வேலை பேசிய ஏஜெண்ட், 'சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்றார். பணமும் வாங்கிக்கொண்டார். பணம் போனது போனதுதான், நான் அப்படிப் போகவில்லை. வேலைக்கென்று உள்ள விசாவை எடுத்துத்தான் போக வேண்டும். இறங்கிய பிறகு தொழிலாளர் அமைச்சகத்தின் வேலை அனுமதி வேண்டும், எனக்குக் கொடுத்தது ஒரு சிறிய நீலப் புத்தகம். ஆசிரியர் கவுன்சிலின் அனுமதியைப் பள்ளி வாங்கித் தர வேண்டும். 90 நாளுக்கு ஒரு முறை உங்கள் முகவரியைக் குடிவரவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். இங்கேயே முடிக்க வேண்டியது பட்டச் சான்றிதழின் அட்டெஸ்டேஷன், அதாவது அது உண்மையானது என்ற முத்திரை: முதலில் மாநில அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு அந்த நாட்டுத் தூதரகம். காவல்துறைச் சான்று பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வரும். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். மே மாதம் சேர வேண்டுமென்றால் மார்கழியிலேயே தொடங்கிவிடுங்கள்.

ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்று பாருங்கள். சில இடங்களில் பத்து மாதச் சம்பளம்தான், விடுமுறை மாதங்களில் கையில் ஒன்றும் வராது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன், பெற்றோரும் கேளுங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகள் மே சோட் என்ற எல்லை ஊர் வழியாக மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். ஆசிரியர் வேலை என்றாலும் இதே எச்சரிக்கை வேண்டும். பள்ளியின் பெயரைக் கேளுங்கள், அந்தப் பள்ளியோடு நீங்களே நேரடியாகப் பேசுங்கள். ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள்.

பயிற்சிச் சான்றிதழைப் பற்றியும் கேட்கிறார்கள். வார இறுதியில் இணையத்தில் முடித்துவிடும் சான்றிதழ்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்ட்டா படிப்பில் 120 மணி நேரப் பயிற்சி, அதற்குள் நிஜ மாணவர்கள் முன்னால் 6 மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், பின்னால் உட்கார்ந்து ஒருவர் குறித்துக்கொண்டே இருப்பார். செலவு அதிகம்தான். முடியாதவர்கள் குறைந்தபட்சம் நேரடி வகுப்பு உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லோரும் கடைசியில் கேட்பது, 'என் உச்சரிப்பு போதுமா?' என்பதுதான். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். விண்ணப்பம் அனுப்பும் முன் உங்கள் தெருவில் ஆறாம் வகுப்பு படிக்கும் நான்கு பிள்ளைகளைச் சாயங்காலம் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஒரு வாரம், தினமும் அரை மணி நேரம் ஆங்கிலத்திலேயே ஒரு கதை சொல்லுங்கள். அவர்கள் எந்த இடத்தில் நெற்றியைச் சுருக்குகிறார்கள் என்று பாருங்கள். அந்த இடத்தை மறுநாள் வேறு மாதிரி சொல்லிப் பாருங்கள். அந்த மாற்றிச் சொல்லும் வேலை உங்களுக்குப் பிடித்திருந்தால், அட்டெஸ்டேஷனுக்குச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள்.

வணக்கம்.